கோப்புப் படம்

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்தி வாசிக்கும் அம்மாள் திரையில் கைகூப்பி வணக்கம் சொல்லும்போதெல்லாம், "வணக்கத்த நீயே வச்சுக்க" என்று நான் பதில் சொல்லாத மாலை கிடையாது. என் அண்ணனைக் குடிகாரன் ஆக்கியவர்கள் அவர்கள். எட்டு நொடியில் ஆக்கினார்கள். நான் எண்ணிப் பார்த்தேன்.

அண்ணன் மலேசியாவில், கெடா மாநிலத்து லூனாஸில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நாங்கள் பிறந்த தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளை இடித்து எங்களைத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே அங்கேயே நிற்கிறது. அந்தக் கோயில் திருவிழாவில் பதினெட்டு வருடமாகக் கரகம் தூக்கியவர் என் அண்ணன். ஒரு மாதம் விரதம் இருப்பார். வெறுந்தரையில் படுப்பார். அண்ணி சமைக்கும் சட்டி கூட அந்த மாதம் வேறு. விரதம் இல்லாத நாளிலும் அவர் வாயில் ஒரு சொட்டுப் போனதில்லை. எங்கள் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதனால் அண்ணனுக்கு அந்த வாடையே ஆகாது.

தீ மிதித்து முடிந்ததும் சாமி மலையேறும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவரை ஆடிய உடம்பு அப்படியே துவண்டு போகும். கண் சிவந்திருக்கும், கால் பின்னும். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து நிழலில் உட்கார வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பார்கள். அந்த வருடம் திருவிழாவைப் படம் எடுக்க வந்த நிருபர் அதையும் எடுத்தார். கோயிலைப் பற்றி நல்லபடியாகத்தான் செய்தி வந்தது. நாங்களும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துப் பெருமைப்பட்டோம்.

நாலு மாதம் கழித்து ஒரு மாலை, அண்ணன் என் வீட்டில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தோட்டப்புறங்களில் கள்ளச்சாராயம் மீண்டும் தலைதூக்குகிறது என்று அந்த அம்மாள் வாசித்தாள். திரையில் என் அண்ணன் வந்தார். இடுப்புக்கு மேலே மட்டும். மஞ்சள் வேட்டி தெரியவில்லை, கோயில் தெரியவில்லை, கரகம் தெரியவில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றியதில் திருநீறும் கரைந்து போயிருந்தது. சட்டை இல்லாத ஒரு மனிதர் சிவந்த கண்களோடு இரண்டு பேர் தோளில் தொங்குகிறார். மூலையில் எறும்பு எழுத்தில் 'கோப்புப் படம்' என்று போட்டிருந்தார்கள்.

அண்ணன் கையில் இருந்த தோசையைத் தட்டில் வைத்தார். "அது நான்தானே?" என்று கேட்டார். எழுந்து கை கழுவிவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளில் இருந்து தொடங்கியது. எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் டீ குடிக்க வருபவர்களில் செய்தியைத் திட்டாத ஆளே கிடையாது. கெடாவில் வெள்ளம் வந்தால்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், மற்ற நாளில் நாம் இருக்கிறோமா செத்தோமா என்று கூடக் கேட்க மாட்டார்கள் என்பார் ஒருவர். தலைவர்கள் அரிசி மூட்டை கொடுப்பதைத் தவிர வேறு செய்தி இல்லையா என்பார் இன்னொருவர். "மழ இல்லன்னு சொன்னானுங்களா, அப்ப கொடைய எடுத்துக்க" என்பார் கடைக்கார அக்கா. அந்தச் செய்தியில் ஒரு வார்த்தையைக் கூட நம்பாத ஜனங்கள் இவர்கள். ஆனால் என் அண்ணனைக் காட்டிய எட்டு நொடியை மட்டும் எல்லாரும் நம்பினார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு அது திருவிழாப் படம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தும், "இருந்தாலும் டிவில வந்துருச்சே" என்றார்கள். கூலிம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அதுவும் தெரியாது. ஒரு அம்மாள் மகளை வேனில் ஏற்றும்போது, ஏதோ கேட்பது போல ஜன்னலில் குனிந்து அண்ணன் மூச்சை மோந்து பார்த்திருக்கிறாள். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அண்ணி சொல்லி அழுதாள்.

கோயில் தலைவர் வீட்டுக்கே வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "தம்பி, ஒங்கமேல எங்களுக்குச் சந்தேகம் கெடையாது. ஆனா வெளியூர்லேருந்து ஜனங்க வர்ற கோயில். வர்ற திருவிழாவுக்கு மட்டும் கரகத்த வேற ஆள் தூக்கட்டும்லா" என்றார்.

"சரிங்கண்ணே," என்றார் அண்ணன். அவ்வளவுதான். அவருக்குச் சண்டை போடத் தெரியாது. அவர் பங்கையும் சேர்த்து எனக்குத் தெரியும்.

நிலையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"மேடம், அது கோப்புப் படம்தான் மேடம். நாங்க யாரு பேரையும் போடலையே."

"பேரு எதுக்கும்மா? மூஞ்சியப் போட்டீங்களே."

"உங்க கருத்த பதிவு பண்ணிக்கிறேன் மேடம்."

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதே செய்தியில், அதே நேரத்தில், அந்த அம்மாள் வாயால், அந்தப் படத்தில் இருப்பவர் குடிகாரர் இல்லை, கரகம் தூக்கியவர் என்று சொல்ல வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கோயில் தலைவர் முகத்துக்கு நேரே காட்டிக் கரகத்தை வாங்கி அண்ணன் தலையில் வைக்க வேண்டும். கடிதம் எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து எங்களுடன் இணைந்திருங்கள்' என்று பதில் வந்தது. சரி, இணைந்திருக்கிறேன்டா என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நான் கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் பழுது கண்டுபிடிக்கும் பகுதியில் வேலை செய்தவள். கையுறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி முனை ஓட்டை கூட என் கண்ணுக்குத் தப்பாது. அங்கே ஒரு தாள் உண்டு. நாலு கட்டம். தேதி, நேரம், என்ன பழுது, யார் கை பட்டது. அதே மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டேன். தினமும் செய்தி தொடங்கும்போது பேனாவோடு உட்கார்ந்தேன்.

பெண்டாங்கில் வயல் மூழ்கியது என்று சொல்லிக் கடல் தெரியும் படத்தைக் காட்டினார்கள். பெண்டாங்கில் ஏது கடல்? எழுதினேன். ஜித்ராவில் லோரி கவிழ்ந்த செய்தியில் வந்த அதே லோரி, போன மாதம் ஜொகூரிலும் கவிழ்ந்து கிடந்தது. எழுதினேன். நாலு பேர் செத்த செய்தியை வாசித்து முடித்து, அந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமல் புடவைக் கண்காட்சிக்குப் போனாள். அதையும் எழுதினேன். வாரா வாரம் பிரதி எடுத்து அனுப்பினேன். நான்காவது கட்டம் மட்டும் ஒவ்வொரு வரியிலும் காலியாகவே இருந்தது. யார் கை பட்டது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு தடவை கூட அவர்கள் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். ஒரு நாள் தப்பே இல்லாமல் செய்தி முடிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

"விடு தங்கச்சி," என்பார் அண்ணன். "நம்ம சாமிக்குத் தெரியும்."

"சாமிக்குத் தெரிஞ்சா போதுமா? தாமான்ல உள்ளவனுக்குத் தெரிய வேணாமா?"

சித்திரையில் திருவிழா வந்தது. கரகத்தை வேறொருவர் தூக்கினார், அண்ணன் மகன் வயதுப் பையன். அண்ணன் முந்திய வருடங்களைப் போலவே விரதம் இருந்தார், கரகம் இல்லை என்று தெரிந்தும். காலையில் இருந்து தண்ணீர்ப் பந்தலில் நின்று, வருகிற ஜனங்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைவர் அந்தப் பக்கம் வந்தவர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் காதுபடவே, "அடுத்த வருஷம் நீங்கதான் தூக்கணும் தம்பி, நான் பேசிக்கிறேன்" என்றார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றினார். முகம் மட்டும் கொஞ்சம் மலர்ந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அதே நிருபர் கேமராவோடு வந்தார். நான் நேராகப் போய் நின்றேன். யார் என்று சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அக்கா, நான் சாமி படம்னு எழுதித்தான் அனுப்பிச்சேன். கோலாலம்பூர்ல எவனோ எடுத்து அதுல சொருகிட்டான். எனக்கே டிவில பாத்துத்தான் தெரியும்."

"தெரிஞ்சப்புறம் என்ன செஞ்சீங்க தம்பி?"

அவர் கேமராவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது போதும் எனக்கு. இவனை என்ன செய்தால் தகும் என்று யோசித்துக்கொண்டே அன்று முழுக்க அவர் மேலேயே கண்ணாக இருந்தேன். நான் கும்பிட்டது பாதி, அவரைப் பார்த்தது பாதி.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. தீக்குழிக்குப் பக்கத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரமாக நின்ற அந்த ஆள் அப்படியே மடங்கினார். அடித்துப் பிடித்து ஓடினார்கள். சட்டையைக் கழற்றினார்கள், தலையில் தண்ணீரை ஊற்றினார்கள். கண் சொருகி, கால் பின்ன, தோளில் தொங்கவிட்டு நிழலுக்கு இழுத்து வந்தார்கள். சாமி மலையேறிய ஆள், வெயிலில் விழுந்த ஆள், குடித்த ஆள், படத்தில் பார்த்தால் மூன்று பேருக்கும் வித்தியாசம் தெரியாது. என் கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. படம் எடுத்தேன். இடுப்புக்கு மேலே மட்டும். எட்டு நொடி. மாரியம்மா, உனக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தேன்.

தீ மிதி முடிவதற்குள் அனுப்பியும் விட்டேன். 'செய்தி எடுக்க வந்தவரே செய்தியானார். தோட்டப்புறங்களில் குடி. கோப்புப் படம்' என்று எழுதி, தாமான் குழு, பழைய தோட்டத்து ஆள்கள் குழு, தொழிற்சாலைத் தோழிகள் குழு, எதையும் விடவில்லை. சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. டிவிக்காரன் வேஷம் கலைந்தது என்றார்கள். இந்த ஆளா நமக்கு ஒழுக்கம் சொல்வது என்றார்கள். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அன்னதானச் சோறு அன்றைக்கு எனக்கு அமிர்தமாக இருந்தது. இரண்டு தடவை ரசம் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். ஜித்ராவில் இருக்கும் எங்கள் சின்னம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார். நான் அவருக்கு அனுப்பவில்லை. எங்கெங்கோ சுற்றி, நான் எழுதியது உதிர்ந்து, படம் மட்டும் அவருக்குப் போயிருக்கிறது.

"என்னம்மா இது, ஒங்கண்ணன் இன்னும் அந்தப் பழக்கத்த விடலையா? கோயில்லயேவா? இப்ப கூட ஒருத்தன வேற சேத்துக்கிட்டாரு. போன வருஷந்தான் டிவில நாறுச்சு, இப்ப போன்லயுமா?"

படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். நிருபரை வலது பக்கம் தாங்கிப் பிடித்திருந்தது என் அண்ணன். மோர்ப் பந்தலில் இருந்து முதலில் ஓடி வந்தவர் அவர்தான். ஆளின் பாரத்தில் அவரும் தள்ளாடினார். வெயிலில் நாள் முழுக்க நின்று கண் சிவந்திருந்தது. அண்ணனை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எடுக்கும்போதே பார்த்தேன். ஆனால் எனக்கு அவர் அண்ணனாகத் தெரிந்தார். ஊருக்கு அவர் எப்படித் தெரிவார் என்று மற்ற எல்லாரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக அதைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன்.

அழித்தேன். எல்லாக் குழுவிலும் போய் அழித்தேன். அதற்குள் அது பறந்துவிட்டது. அவர் உதவி செய்கிறார், குடிக்கவில்லை என்று எழுதினேன். 'தெரியும்லா' என்று ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு பதில் போட்டார். 

மறுநாள் அண்ணன் வந்தார். வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"தலைவர் போன் பண்ணாரு. அடுத்த வருஷம் பத்தி அப்புறம் பாப்போம்னு சொன்னாரு."

"அண்ணே, நான் அந்த ஆள மட்டுந்தாண்ணே..."

"அந்தத் தம்பி ஆஸ்பத்திரிலேருந்து எனக்கு போன் பண்ணி நன்றி சொல்லிச்சு. அது இன்னும் படத்தப் பாக்கல போல." கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "டிவிக்காரனுக்கு என்னைத் தெரியாது தங்கச்சி."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. வேனில் ஏறிப் பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டார்.

நிலையத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அன்று மாலை செய்தி தொடங்கியபோது டிவியை அணைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். தேதி போட்டேன். நேரம் போட்டேன். என்ன பழுது என்ற இடத்தில், விழுந்தவனைத் தூக்கிய ஆளைக் குடிகாரன் என்று காட்டியது என்று எழுதினேன். நான்காவது கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அந்த நோட்டு முழுக்க அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் பெயர் அது ஒன்றுதான்.