சட்டைப் பெட்டியும் ஒரு மைனஸ் குறியும்

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும், படிப்பை விட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை அப்பா கல்லூரிக்கு வந்து டி.சி. வாங்கித் தருவதாகப் பேச்சு. அப்புறம் கம்ப்யூட்டர் கோர்ஸ். தொண்ணூறுகளின் பெங்களூரில் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பிசிக்ஸ் என்றால்தான் கேட்பார்கள்.

இதில் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நான்தான் அழுது அடம்பிடித்துக் கேட்டேன். காரணம் மெக்கானிக்ஸ். பள்ளிக்கூடத்து மெக்கானிக்ஸில் சாய்வான பலகையில் ஒரு கட்டை சறுக்கும், நாமும் அதோடு சறுக்கிக் கரைசேர்ந்துவிடலாம். இங்கே பக்கம் முழுக்கச் சமன்பாடு ஓடியது. நடுவில் எங்கேயாவது ஒரு மைனஸை நான் தொலைத்துவிடுவேன், விடைத்தாளில் சிவப்பு வட்டம் விழும். இத்தனூண்டு கோடு, அதற்காகவா ஒரு மனுஷியைப் போட்டு இப்படி வதைப்பார்கள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சிவாஜிநகரில் அப்பாவின் ரெடிமேட் சட்டைக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தொழுகை நேரம். அக்கம்பக்கத்துக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன, எங்கள் சேல்ஸ்மேனும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அப்பா கல்லாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் கவுண்டரில் கடைசி ஹோம்வொர்க்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். விட்டுப்போகிறவளுக்கு அது எதற்கு என்றால், போகும்போதாவது ஒன்றை உருப்படியாகப் போட்டுவிட்டுப் போகலாமே என்ற வீம்புதான்.

கணக்கு இதுதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாக உள்ள ஒரு பெட்டி. அதைச் சப்பாத்திக் கட்டை மாதிரி நீளவாக்கில் உருட்டிச் சுற்றலாம். தட்டு மாதிரி படுக்கையாகச் சுற்றலாம். அல்லது முனைக்கு முனை மாறும்படி குட்டிக்கரணம் போடவைக்கலாம். சுற்றும்போது லேசாக ஆட்டம் கண்டால் என்ன ஆகும்? விடையில் மைனஸ் வந்தால் ஆட்டம் அளவோடு நிற்கும். பிளஸ் வந்தால் வளர்ந்துகொண்டே போகும். உருட்டலுக்கு எனக்கு மைனஸ் வந்தது. தட்டுச் சுற்றுக்கும் மைனஸ். குட்டிக்கரணத்துக்கு மட்டும் பிளஸ்.

வழக்கம்போல் தொலைத்துவிட்டேன் என்று அடித்துவிட்டு மறுபடி போட்டேன். பிளஸ். கீழிருந்து மேலே சரிபார்த்துக்கொண்டு போனேன். பிளஸ். அதே பெட்டி, இரண்டு விதத்தில் சமர்த்தாகச் சுற்றுகிறது, மூன்றாவதில் மட்டும் எதற்குத் தகராறு பண்ணப்போகிறது? எரிச்சலில் கைக்கு எட்டிய சட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு மாட்டினேன். என் விடை தப்பு என்று இந்தப் பெட்டியே சொல்லட்டும், நானும் நிம்மதியாகப் போய்ச்சேருகிறேன் என்று நினைத்தேன்.

உருட்டிப் போட்டேன். ஒழுங்காக உருண்டு கைக்கு வந்தது. தட்டுப்போல் சுழற்றினேன், அதுவும் அப்படியே. பிறகு லேபிள் மேலே தெரிய ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, குட்டிக்கரணம் அடிக்கவிட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி, பிடித்த அதே முனை கைக்கு வந்தது. லேபிள் மட்டும் அடியில் போயிருந்தது.

நான் திருப்பவில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி போட்டேன். பாதி வழியில் பெட்டி தானாகவே பக்கவாட்டில் ஒரு புரளல் புரண்டு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தப் பெட்டிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தேன், இவற்றை அடுக்கி வீடு கட்டி விளையாடியிருக்கிறேன். இவற்றுக்குள் இப்படி ஒரு குணம் இருந்தது எனக்குத் தெரியாது. காகிதத்தில் நான் போட்ட கணக்குக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்னக் கோடு இருந்தால் ஒரு பொருள் நிலையாகச் சுற்றும், இல்லாவிட்டால் புரண்டுவிடும். இவ்வளவு பெரிய உலகம் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறது, நான் அதை ஏதோ எழுத்துப்பிழை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு அப்பா கண்ணைத் திறந்தார். "இன்னாம்மா பண்ணினு இருக்கே? உள்ள இருக்கற மால் எல்லாம் கசங்கிடப் போவுது."

"அப்பா, இதக் கொஞ்சம் தூக்கிப் போட்டுப் புடி. இப்பிடி. திருப்பாம போடணும்."

போட்டார். புரண்டது. "கை ஸ்லிப் ஆயிடுச்சு" என்று மறுபடி போட்டார். புரண்டது. "உள்ள சட்டை ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும்" என்றார். காலிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். அதுவும் புரண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"எத்தினி வருசமா இந்தப் பெட்டிங்களத் தூக்கிப் போட்டுனு இருக்கேன், கவனிச்சதே இல்லியே. யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலப்பா. கணக்குல வந்துச்சு. நான்தான் தப்புன்னு நெனச்சேன்."

"போட்டுப் பாக்கறதுக்கு முந்தியேவா?"

"முந்தியே."

அப்பா என் தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து நாற்பது சைஸில் வெள்ளைச் சட்டை கேட்டார். "ஒரு நிமிஷம் சார்" என்று அப்பா பெட்டியை இன்னொரு தரம் தூக்கிப் போட்டுப் பிடித்தார். வந்தவர் திருதிருவென்று முழித்தார். ஒரு வாரமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பொண்ணு கம்ப்யூட்டருக்கு மாறப் போவுது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், "நம்ம பொண்ணு சார், பிசிக்ஸ் படிக்குது" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"படிக்கிறே இல்ல?"

"படிக்கிறேன்ப்பா" என்றேன்.

திங்கட்கிழமை அப்பா கடையைத் திறக்கப் போனார். எனக்கு முதல் பீரியட் மெக்கானிக்ஸ்.