சட்டிக்குள் ஒரு வாளி

பேராதனைப் பக்கத்தில் இருந்த மண் பரிசோதனைக் கூடமொன்றில் தனபாலன் போத்தல் கழுவினார். நான் அங்கே எழுதுவினைஞர். பதவியில் நான் ஒரு படி மேல். மண் விஷயத்தில் அவர் எனக்குப் பத்துப் படி மேல். "ஐயாமாரு மெஷின்ல பாக்குறத நான் ஒரு துண்டுத் தாள்ல பாத்துருவேன்" என்பார். சும்மா அளக்கிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

குண்டசாலையில் அவரும் மனைவி புஷ்பமும் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் சரோஜினிதேவி என்ற யாழ்ப்பாணத்து டீச்சர் குடியிருந்தார். எண்பத்து மூன்றில் கலவரம் கண்டிக்கும் வந்தபோது, பின்வளவில் இருந்த சிங்கள வீட்டுக்காரர் மூவரையும் தன் விறகறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள். மூன்றாம் நாள் டீச்சர் அகதி முகாமுக்கு லொறி ஏறினார். ஏறும்போது முற்றத்தில் இருந்த சிவப்பு வெட்சிச் சட்டியைக் காட்டி, "புஷ்பம், இதைப் பாத்துக்கொள். நான் வந்து எடுக்கிறன்" என்றார்.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததாக ஒரு தபாலட்டை வந்தது. அதோடு சரி. புஷ்பம் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. வடக்கில் குண்டு விழுந்ததாக வானொலி சொன்னால் போதும், அவர் எழுந்து முற்றத்துக்குப் போவார். "செடி நல்லா இருக்கு. அப்ப டீச்சரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டு திரும்புவார். நான் சிரித்திருக்கிறேன். எனக்கு அப்போது புத்தி குறைவு.

தொண்ணூற்றொன்றில் செடி மஞ்சளித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இலையெல்லாம் மஞ்சள். மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. புஷ்பம் அடுப்புச் சாம்பல் போட்டார், முட்டைக்கோது நொறுக்கிப் போட்டார், கிணற்றுத் தண்ணீரை இரண்டு வேளை ஊற்றினார். இன்னும் மஞ்சளித்தது. சோறு இறங்காமல் அவரும் வாடிப்போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, தனபாலன் சட்டிக்குள் விரலாழத்தில் ஒரு கரண்டி மண் எடுத்து, மழைத்தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்திருந்தார். கூடத்தில் காலாவதியாகிப் போனதென்று கேட்டு வாங்கிய, புளிப்பைக் காட்டும் தாளில் ஒரு துண்டைக் கிழித்து அதில் தோய்த்தார். மஞ்சளாக வரவேண்டிய தாள் நீலம் பாய்ந்தது.

"வெட்சிக்குப் புளிப்பு மண் வேணும். இது சுண்ணாம்பாப் போச்சு. வேரு இரும்புச் சத்த எடுக்க முடியாம தவிக்குது, ஐயா" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு சட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் வீட்டுச் சுவரோடு அந்தச் சட்டிக்கும் சுண்ணாம்பு அடிப்பது புஷ்பத்தின் வழக்கம். டீச்சர் சட்டி என்பதால் அதற்கு மட்டும் உள்விளிம்பு வரை இரண்டு பூச்சு. செடியைச் சுற்றி அடுக்கிய கூழாங்கற்களையும் விட்டுவைக்காமல் வெள்ளை. எட்டு வருஷச் சுண்ணாம்பு, போதாததற்குச் சாம்பல், முட்டைக்கோது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதுதான்.

"சொல்லிருங்க" என்றேன்.

"எப்பிடி ஐயா சொல்லுறது? அவ கையாலயே கெட்டுச்சுன்னு சொன்னா தாங்கமாட்டா."

மனைவியைக் கூப்பிட்டு, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படியும் கிணற்றுத் தண்ணீர்தான் குற்றவாளி என்றார். அது பாதி உண்மை. இனி மழைத்தண்ணீர் மட்டும்; சாம்பலும் கோதும் கூடாது என்றார். பழைய மண்ணை உதிர்த்து, பைன் மரத்தடி மண்ணில் கொஞ்சம் கந்தகத்தூள் கலந்து, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் வாளியில் செடியை நட்டார். வாளியை அதே சட்டிக்குள் இறக்கினார். கற்களைக் காணாமலாக்கினார். மாதமொருமுறை தாளைத் தோய்த்துப் பார்த்தார். மூன்றாம் மாதம் பச்சையாய்த் துளிர்த்தது. புஷ்பம் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாராம். அதைச் சொல்லும்போது தனபாலனுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அடுத்த பொங்கலுக்கும் சட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தார் புஷ்பம். வெளிப்பக்கம் மட்டும். "வாளிய ஏன் வெச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்று கணவரைக் கேட்டாராம்.

போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு, இரண்டாயிரத்து மூன்றில், பொங்கலுக்கு முதல்நாள் நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். புஷ்பம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற ஓட்டோவிலிருந்து தலை முழுக்க நரைத்த ஒருவர் இறங்கினார். புஷ்பத்தின் கையிலிருந்து சுண்ணாம்பு அடிக்கும் மட்டை விழுந்தது.

"டீச்சர்! வாங்க, வாங்க! மொதல்ல இதப் பாருங்க!"

வெட்சி கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தது.

"நல்ல வடிவு," என்றார் டீச்சர். "இது ஆரின்ரை செடி?"

புஷ்பம் டீச்சரையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். தனபாலன்தான், "நீங்க குடுத்துட்டுப் போனது, டீச்சர்" என்றார்.

"நானோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம்! ஏதாவது சொல்லியிருப்பேன், டீச்சர் முந்திக்கொண்டார்.

"எனக்கு நினைவில்லையம்மா. நீ அழுதுகொண்டு நிண்டாய். திரும்பி வருவன் எண்டு ஏதோ ஒண்டைச் சொல்லியிருப்பன். எனக்கு நினைவிருக்கிறது அந்த விறகறைதான். ரெண்டு நாளும் நீ என்ரை கையை விடேல்லை. அங்கை குண்டு விழேக்கை, பங்கருக்குள்ளை இருந்து அந்தக் கையைத்தான் நினைச்சனான். அதைப் பார்க்கத்தான் வந்தனான்."

புஷ்பம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "ஐயோ, கை பூரா சுண்ணாம்பு டீச்சர்."

டீச்சர் எட்டி அந்தக் கைகளை இழுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். சுண்ணாம்பு காயும்வரை அவர் விடவில்லை.