வார்த்தைகளின் அட்டென்டன்ஸ்

எனக்கு ஒன்பது வயதில் ஒரு வேலை கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அட்டென்டன்ஸ் எடுக்கும் வேலை. கொடுத்தவள் அம்மா. இன்று அலுவலகத்தில் நாள் முழுக்க இங்கிலீஷில் எழுதித் தள்ளுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அந்த முதல் வேலையில் நான் செய்த திருட்டுத்தனத்தை இருபத்தைந்து வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் பெங்களூர் அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்குப் பின்பக்கம் இருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் ஆறு மணிக்கு இரண்டு பஸ் பிடித்துப் போனால், திரும்பி வரும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. அம்மா நான் படித்த பள்ளியிலேயே யு.கே.ஜி. மிஸ். பள்ளியில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, எல்லோரையும் போல மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவள். படித்தவள் என்று சொல்லலாம், முடித்தவள் என்று சொல்ல முடியாது. ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தபோது நாவல் பேப்பர் ஒன்றை அரியராக வைத்துவிட்டு வந்திருந்தாள். ஒரே ஒரு பேப்பர்தானே, அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருஷம் நான் பிறந்தேன். அதற்கடுத்த வருஷங்கள் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது.

அந்த வருஷம் இரண்டு பக்கமும் சேர்ந்து நெருக்கியது. அடுத்த ஜூன் முதல் டிகிரி இருப்பவர்கள் மட்டும்தான் வகுப்பெடுக்கலாம், மற்றவர்கள் வேண்டுமானால் உதவியாளராக இருக்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது: பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு டிசம்பர்தான் கடைசி வாய்ப்பு. எழுதிப் பாஸானால் அம்மா மிஸ்ஸாக இருப்பாள். இல்லாவிட்டால் உதவியாளர்கள் போடும் பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, குழந்தைகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போவாள். எனக்கு விளங்கியது அவ்வளவுதான், ஆனால் அது நன்றாகவே விளங்கியது.

"ஒரே ஒரு பேப்பர்தானே," என்றார் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

நாவல் பரணிலிருந்து இறங்கியது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கதை. பெரிய வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் காலார நடந்துவிட்டு வருவார்கள், டீ குடிப்பார்கள், கடிதம் எழுதுவார்கள், மழையில் நனைந்து ஜுரத்தில் படுப்பார்கள். நானூறு பக்கத்தில் ஒருத்தியும் ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை. "இவங்க வீட்ல சோறு யாருடி வடிக்கிறா?" என்று அம்மா சப்பாத்திக் கட்டையை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். நான் என்னத்தைக் கண்டேன்.

கதை அவளுக்குப் புரிந்தது. வார்த்தைகள்தான் அடம்பிடித்தன. ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருக்கும் வார்த்தைகளுக்குப் பொருள் எழுதி விளக்கச் சொல்வார்களாம், பாதி மதிப்பெண் அதற்குத்தானாம். அதற்கு அம்மா கண்டுபிடித்த வழியை மிஸ்ஸைத் தவிர வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பள்ளியில் பழசாகிப்போன ஒரு அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரை எடுத்துவந்து, குழந்தைகளின் பெயர் எழுதும் இடத்தில் வார்த்தைகளை எழுதினாள். ஆப்ஸ்டினேட், மெலன்கலி, இம்பர்டினன்ட், கான்டசென்ஷன் என்று பக்கம் பக்கமாக. நான் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். அம்மா பொருளைச் சரியாகச் சொன்னால் அந்த வார்த்தைக்கு பி, அதாவது பிரசென்ட்; தப்பாகச் சொன்னால் ஏ, ஆப்சென்ட். தொடர்ந்து பத்து நாள் பி வாங்கிய வார்த்தையின் மேல் சிவப்பு மையால் கோடு. அது மனப்பாடமாகிவிட்டது, அதை இனிப் படிக்க வேண்டியதில்லை என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் நான் பொல்லாத டீச்சராக இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, பள்ளியில் வாங்கியதையெல்லாம் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். மூன்று ஏ வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்றேன். அம்மாவும் கையில் மாவோடு அடுப்பு முன்னால் எழுந்து நின்றாள். நின்றபடியே சப்பாத்தியைத் திருப்பினாள். "மிஸ், மிஸ், இது ஒண்ணு மட்டும் விட்டுடுங்க மிஸ்," என்று கெஞ்சினாள். நான் விடவில்லை.

பிறகு வாரங்கள் போகப் போக அம்மா நிற்கவில்லை. பள்ளியில் முப்பத்தெட்டு குழந்தைகளோடு கத்திவிட்டு வந்து, தண்ணீர் வரும் நாளென்றால் குடங்களை நிரப்பி, துணி துவைத்து, சமையலை முடித்துவிட்டு, கேஸ் சிலிண்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவாள். நான் கூப்பிடுவேன். பதில் வரவரத் தாமதமானது.

ஒருநாள் இன்டிஃபாட்டிகபிள் என்று கூப்பிட்டேன். சோர்வே தெரியாத என்று அர்த்தம். அம்மா "சோ..." என்று ஆரம்பித்து, அப்படியே தூங்கிப்போனாள்.

நான் காத்திருந்தேன். காலைச் சுரண்டிப் பார்த்தேன். ஊஹூம். மணி ஏழாகப் போகிறது. மாடியில் ஓனர் ஆன்ட்டி வீட்டில் ஏழு மணிக்குக் கார்ட்டூன். எங்கள் வீட்டில் கேபிள் இல்லை. ஆன்ட்டிக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். அட்டென்டன்ஸ் முடிந்தால்தான் மாடிக்குப் போகலாம் என்பது அம்மாவின் சட்டம். மேலிருந்து ஆன்ட்டி கன்னடத்தில், "பா புட்டி, ஷுரு ஆயித்து!" என்று கூப்பிடவும் செய்துவிட்டாள். வா குட்டி, ஆரம்பித்துவிட்டது என்று கேட்ட பிறகு ஒன்பது வயதுக்காரி என்ன செய்வாள்? மிச்சமிருந்த பதினாறு வார்த்தைக்கும் மளமளவென்று பி போட்டுவிட்டு, ரெஜிஸ்டரை மூடிவிட்டு ஓடினேன்.

மறுநாளும் அம்மா கண் அசந்தாள். அதற்கு மறுநாளும். நான் தேர்ந்துவிட்டேன். பத்து வார்த்தை கூப்பிடுவேன், குரலை மெல்ல மெல்லத் தணிப்பேன், மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். வந்தால் வரிசையாக பி. நியாயமாகத் தெரிய வேண்டுமே என்று நடுவில் ஒன்றிரண்டு ஏ. அப்புறம் மாடிப்படி. ஒரு மாதத்தில் வார்த்தைகளின் மேல் சிவப்புக் கோடு விழ ஆரம்பித்தது. கோடு போட்டதும் நான்தான், ஸ்கேல் வைத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாள். நான் கதவோரம் நகர்ந்தேன். அவளோ கோடுகளின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "பரவாயில்லையே, இவ்ளோ தேறிட்டேனா?" என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, நான் அப்பவே சொன்னேனே என்பதுபோலச் சிரித்தார். அம்மாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் என்பதால் தேர்வு மையம் ஓசூரில். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கோடு விழாத வார்த்தைகளை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாவி நான், அந்தத் தாளைப் பார்த்தேன். எத்தனை சின்னத் தாள்! அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மூன்று மணி நேரம் அந்தக் கல்லூரி மரத்தடியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கோடு போட்ட வார்த்தை ஒன்றுகூட வரக் கூடாது என்று தூரத்து மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அம்மா வெளியே வந்தாள். "எப்படி?" என்றார் அப்பா. "எழுதிட்டேன். தண்ணி குடுங்க," என்றாள். திரும்பி வரும்போது வழி முழுக்கத் தூங்கினாள்.

ஏழு மதிப்பெண்ணில் போனது.

அம்மா அழுததாக எனக்கு நினைவில்லை. அன்றும் சப்பாத்திதான் செய்தாள். "ஒரே ஒரு பேப்பர்," என்று அப்பா ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார். ஜூனில் பள்ளி திறந்தது. வேலையை விட்டு அனுப்பாமல் உதவியாளராகவாவது வைத்துக்கொண்டோமே என்று தலைமையாசிரியை அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தாராம். மேலிருந்து இறங்கிவந்து காட்டும் அந்தத் தயவுக்கு நாவலில் ஒரு வார்த்தை இருந்தது. கான்டசென்ஷன். நான் பொய்க்கோடு போட்டவற்றில் அதுவும் ஒன்று.

பச்சைக் கோட்டில் அம்மாவை முதல்முதலாகப் பார்த்தது வராந்தாவில். ஒரு குழந்தை பழக்கத்தில் "மிஸ்" என்று ஓடிவந்தது. புதிதாக வந்த மிஸ், "ஆன்ட்டின்னு சொல்லணும்," என்று அதைத் திருத்தினாள். அம்மா அந்தக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். நான் தாகமே இல்லாமல் குழாயடிக்குப் போய், அவள் உள்ளே போகும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இதைச் செய்தது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பதினெட்டு வருஷம் அம்மா அந்தக் கோட்டை மாட்டினாள். ஒவ்வொரு காலையும் அவள் அதைக் கொடியிலிருந்து எடுக்கும்போது எனக்கு உள்ளே சுருக்கென்றது.

போன மாதம் அப்பாவையும் அம்மாவையும் எங்கள் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தோம். மூட்டையைப் பிரித்தபோது அந்த ரெஜிஸ்டர் வந்தது. சிவப்பு மை ரோஸாக வெளுத்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்திலிருந்து இரண்டு மணி நேர டிராஃபிக்கில் வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றிருந்தேன். மறைத்து வைக்கவும் தெம்பு வேண்டுமில்லையா? சொல்லிவிட்டேன். நீ தூங்கும்போது நானாகத்தான் பி போட்டேன், என்னால்தான் நீ ஃபெயிலானாய் என்றேன்.

அம்மாவின் கை நிற்கவில்லை. துண்டை நாலாக மடித்து வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "முதல் நாள் மட்டும்தான்டி நெஜமா தூங்குனேன். மத்த நாளெல்லாம் சும்மா கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். நீ குனிஞ்சு பாக்குறது, பேனா மூடியைக் கழட்டுறது, படியேறி ஓடுறது, எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்ப ஏம்மா எழுந்திருக்கல?"

"எழுந்தா நீ அடுத்த வார்த்தையைக் கூப்பிடுவியே." அடுத்த துணியை எடுத்தாள். "ஒரே ஒரு பேப்பர்தானேன்னு ஊரே சொல்லிட்டிருக்கு. அதுல போய், என்னால முடியல, போதும்னு வாயால சொல்ல முடியுமா? நீ மாடிக்குப் போனப்புறம் ஒரு அரை மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

நான் பையோடு கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அந்த டிகிரிக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரத்துக்கும் அவ்வளவே ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது தெரியாது. தினமும் குனிந்து அவள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் போனவள் நான் ஒருத்திதான். போய் நான் பார்த்ததெல்லாம் கண் மூடியிருக்கிறதா என்பதை மட்டும்தான்.