அமிர்தராஜின் அக்டோபர் சவாரி

“தாயே, பள்ளம் வருதுங்க. கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்கங்க” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, அமிர்தராஜ் ஆட்டோவை மெல்ல உருட்டுகிறார். பின்சீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சுரூபம், மரியன்னை சிலை. அடியில் மடித்த ஜமக்காளம். பெட்டியைச் சுற்றி மனைவி விமலாராணியின் பழைய சேலையால் இறுக்கிய கட்டு. மேட்டுப்பாளையம் சாலையில் பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோகும். இவர் அசைந்து கொடுக்க மாட்டார்.

அக்டோபர், செபமாலை மாதம். துடியலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் பங்கில் மாதா தினம் ஒரு வீட்டில் தங்குவார். மாலையில் தெரு ஜனம் அங்கே கூடிச் செபமாலை சொல்லும். மறுநாள் அடுத்த வீட்டுக்குப் பயணம், அமிர்தராஜின் ஆட்டோவில். வழியில் யாராவது கை காட்டினால் “சவாரி இருக்குதுங்க” என்பார். யாரது என்று குனிந்து பார்ப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகுவார்கள்.

எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிற மனிதர். சிக்னலில் சிவப்பு விழுந்தால்கூட “நன்றி ஆண்டவரே, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேனுங்க” என்பார். காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் சவாரியின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பங்கு மக்கள்தான் முறைபோட்டு ஆஸ்பத்திரியில் காவல் இருந்தார்கள், கஞ்சி கொண்டுவந்தார்கள், சும்மா நின்ற ஆட்டோவை மாற்றி மாற்றி ஓட்டி வீட்டில் அடுப்பெரிய வைத்தார்கள். “ஆண்டவரு எனக்கு மறுக்கா மீட்டர் போட்டு உட்டிருக்காருங்க” என்பார். கோயம்புத்தூர் ஆட்டோவில் மீட்டர் ஏது என்று கேட்டால், “அதானுங்க, அவரு ஒருத்தருதான் போடுறாரு” என்று சிரிப்பார்.

இத்தனை வீடுகளுக்கு மாதாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தன் வீட்டுக்கு மட்டும் அழைத்ததில்லை. குடியிருப்பது வாடகை மாடி. கீழே வீட்டுக்காரம்மா வெங்கடலட்சுமி. தெருமுனையில் மாவு மில் நடத்துகிற, கறாருக்குப் பேர்போன பெண்மணி. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். முன்பு குடியிருந்த வீட்டில் செபத்துக்கு நாலு பேர் கூடியதற்கே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சூடு கண்ட பூனை அமிர்தராஜ். விமலாராணி வருடாவருடம் கேட்பார். “அந்தம்மா மூஞ்சி சுளிச்சுதுன்னா எங்க போயி ஊடு தேடறது? அப்புறம் பாத்துக்கலாம்” என்று இவர் நழுவிவிடுவார். மாதா மனசுக்குள்ளேயே தங்கட்டும் என்று சமாதானம் வேறு.

போன அக்டோபரில் ஒரு மாலை. பங்கைச் சேர்ந்த டெய்சி வீட்டு முறை. மாதாவோடு போய் இறங்கினால் வாசலில் பூட்டுத் தொங்குகிறது. உடுமலைப்பேட்டையில் சித்தப்பா தவறிவிட்டார், பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று டெய்சி போனில் அழுகிறார். மெழுகுவத்தியும் கையுமாக ஜனம் தெருவில் நிற்கிறது. சுரூபத்தைக் கோயிலுக்கே திருப்பிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

“ஏனுங்க, நம்மூட்டுக்குப் போலாமுங்க” என்றார் விமலாராணி, எல்லார் முன்னாலும். அமிர்தராஜ் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். பின்சீட்டைப் பார்த்தார். வண்டியைத் தன் தெருப்பக்கம் திருப்பினார்.

கூட்டம் பாடிக்கொண்டே தெருவுக்குள் நுழைந்ததும் வெங்கடலட்சுமி கேட்டுக்கு வந்துவிட்டார். அமிர்தராஜ் இறங்கிக் கை கூப்பினார். “இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க. சத்தமில்லாம முடிச்சுபோடறமுங்க.”

“மாடிப்படியில இந்தப் பொட்டி திரும்பாதுங்க” என்றார் அந்த அம்மாள், பெட்டியை அளப்பதுபோல் பார்த்து. “எங்க ஹால்ல வெச்சுப்போடுங்க.” அமிர்தராஜ் சேலைக் கட்டை அவிழ்க்கக் குனிந்தார். “வருசாவருசம் எங்கூட்டு வாசல் வழியா இந்த அம்மாவ வண்டியில வெச்சு ஓட்டிட்டுப் போறீங்க. ஒருக்காலாச்சும் எறக்கோணும்னு தோணுச்சுங்களா? நானென்ன வேண்டாம்னா சொல்லிப்போடுவேன்?”

அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கேட்க ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து இத்தனை அக்டோபரை வீணாக்கியிருக்கிறார் மனிதர். டிவியை நகர்த்தி மேசை போட்டார்கள். வெங்கடலட்சுமி பட்டுத்துணி விரித்தார். மெழுகுவத்தி அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காலண்டர் அட்டையால் வீசிக்கொண்டே இருந்தார். முதல் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தை அமிர்தராஜ் தொடங்க, மீதியை விமலாராணி சொன்னார்.

மறுநாள் மாலை பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கட்டினார்கள். அடுத்த வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். அமிர்தராஜ் சாவியைத் தொடவே இல்லை. வண்டிக்கு வெளியே நின்று, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

“ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

“இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது. இன்னிக்கு இந்த வாசலத் தாண்டி ஓட்டிட்டுப் போக மனசு வரலீங்க” என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார்.