ராசா பேப்பரின் ஸ்டேப்பிள் பின்

நோர்வேயில், ஒஸ்லோவின் பெரிய ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பத்திரிகைக் கடையில் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பெரும்பகுதியை நின்றபடியே கழித்தேன். வெளிநாட்டுப் பத்திரிகைத் தட்டு என் பொறுப்பு. அதிலே எனக்குத் தலையிடி தந்தவை ஸ்பானிஷ் பத்திரிகைகள்தான். அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் எந்தப் பேப்பர் எந்தக் கட்சிக்குச் சாயும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சின்ன அளவில், முதுகில் ஸ்டேப்பிள் பின் குத்தி வருவது ராசா பேப்பர். நூறு வயது, மன்னருக்கும் தேவாலயத்துக்கும் விசுவாசம். அதைவிடப் பெரிதாக, பின் இல்லாமல் வருவது தோழர் பேப்பர். அந்த நாட்டுச் சர்வாதிகாரி கண்ணை மூடிய பிறகு பிறந்தது, சோசலிஸ்டுகளுக்குச் சாயும். இந்தப் பட்டப்பெயர்கள் நான் வைத்தவை. சரித்திரம் சொல்லித் தந்தவர்கள் இரண்டு வாடிக்கையாளர்கள்.

இக்னாசியோ, ஸ்பெயினின் செவில்லா நகரத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், ராசா பேப்பர் தவிர வேறெதையும் தொடமாட்டார். ரமோன் மட்ரிட்காரர், கப்பலில் சமையல் செய்தவர், தோழர் பேப்பர். இருவரும் ஹொல்ம்லியா என்ற புறநகரிலிருந்து ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டிகளில் வருவார்கள். கடைக்குள் சந்தித்தால் கீரியும் பாம்பும்தான். எல்லாரும் நோர்ஸ்கில், அதாவது நோர்வே மொழியில், கதைத்ததை நம் பேச்சில் தருகிறேன்.

முதலாளி பியோர்ன் ஒரு நாள் சொல்லிவிட்டார்: "இனி ஒரு சண்டை நடந்தால் இந்தத் தட்டைக் கழட்டிப்போட்டு சொக்லேட் அடுக்குவன்." தட்டுப் போனால் என் வேலையில் பாதி போய்விடும்.

ஸ்பெயினில் தேர்தல் முடிந்த கையோடு இங்கே பனி கொட்டி விமானங்கள் குழம்பின. பத்திரிகைக் கட்டை அவிழ்த்தால் ஒரேயொரு ஸ்பானிஷ் பத்திரிகை: ராசா பேப்பர். வாசலில் இருவரும் நிற்கிறார்கள். காசுப்பெட்டியடியில் பியோர்ன்.

"அது என்ரை பேப்பர்," என்றார் இக்னாசியோ.

"தேர்தல் விபரம் எனக்கும் வேணும். இண்டைக்கு ராசான்ரை பொய்யையாவது வாசிப்பம்," என்றார் ரமோன்.

பியோர்ன் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஊர் வாசிகசாலையில் பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரித்துப் பத்துப் பேர் வாசிப்போம். அந்தக் கைப்பழக்கம் என்னை யோசிக்க விடவில்லை. கத்தரிக்கோல் நுனியால் பின்னை நெம்பிக் கழற்றினேன்.

"ஐயோ, என்ன செய்யிறாய்!" இக்னாசியோவின் குரல் ரயில் மேடைவரை கேட்டிருக்கும்.

வெளித்தாள்களை அவரிடமும் உள்தாள்களை ரமோனிடமும் நீட்டினேன். பின் குத்திய பேப்பரை அப்படிப் பிரித்தால் நடுச்செய்தி முழுக்க மற்றவர் கைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியவில்லை. தேர்தல் செய்தியின் தொடக்கம் இக்னாசியோவிடம், மிச்சம் ரமோனிடம்.

இக்னாசியோ முறைத்தபடியே தன் தாளைக் கடைசி வரிவரை வாசித்தார். பிறகு, "சரி, மிச்சத்தை வாசி," என்றார். ரமோன் உரத்து வாசித்தார். வாசித்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்ரை அப்பாவும் இந்தப் பேப்பர்தான் வாசிச்சவர்," என்றார் என்னிடம். "உள்நாட்டுச் சண்டையிலை மட்ரிட் பதிப்பை மன்னருக்கு எதிரான குடியரசுக்காரர் எடுத்து நடத்தினவை."

"செவில்லாவிலை அதே பேரிலை, பிறகு நாட்டைப் பிடிச்ச தளபதிக்காக வந்தது," என்றார் இக்னாசியோ. "அதைத்தான் என்ரை அப்பா வாசிச்சவர்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆயுத இயக்கத்துக்கொரு பேப்பர் வந்து, கையிலுள்ள பேப்பரை வைத்தே ஆளை அளந்த ஊரில் வளர்ந்த எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. பியோர்ன் இரண்டு கோப்பி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். தட்டு தப்பியது.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாடிக்கையாளரின் அரசியலைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் அதோடு அவர் முடிந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் இரண்டு பேப்பரும் ஒழுங்காக வந்தன. ரமோன் தோழர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலிலேயே காத்து நின்றார். இக்னாசியோ தன் ராசா பேப்பரை மேசையில் வைத்து, கையால் நீவிவிட்டு, என் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை, அந்தப் பின்னைக் கழட்டித் தா."