பரீதா டீச்சரின் ஒரு மதிப்பெண் கேள்வி

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் மாதத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பரீதா டீச்சரின் தம்பி போனில் பேசினார். "அக்கா மௌத்தாயிட்டாங்க டீச்சர். மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க." உள்ளே பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த தாவரவியல் கேள்விகள், பரீதா ஆஸ்பத்திரியில் படுத்தபடி தயாரித்து அனுப்பியவை. மணி அடிக்கும்வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் எங்கள் பள்ளி. அவர் தாவரவியல், நான் விலங்கியல். ஒருமுறை சுற்றியுள்ள பள்ளிகள் சேர்ந்து பொதுத் தேர்வுத்தாள் வைத்தோம். 'தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன?' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு, விடைக்குறிப்பில் 'இரவில்' என்று இருந்தது. எங்கள் மாணவி கார்த்திகா மட்டும் 'எப்போதும்' என்று எழுதியிருந்தாள். பரீதா ஒவ்வொரு பள்ளிக்கும் போன் செய்து விடைக்குறிப்பைத் திருத்த வைத்தார். "ஒரு மார்க்குதானே, விடுங்களேன்" என்றேன். "மார்க்கு போனா போகுது சாந்தி. சரியா யோசிச்ச புள்ள, தான் தப்புன்னு நெனச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த மழைக்காலமும் நினைவிருக்கும். சம்பா மூழ்கிப்போன வருஷம். பயிர் நாள்கணக்கில் நீரில் மூழ்கினால் ஏன் அழுகுகிறது என்று ஒரு கேள்வி. மழைக்கு முன்பே அச்சடித்த தாள் அது. தேன்மொழி என்ற பெண் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் வயல் முழுதும் தண்ணீருக்குள் கிடந்தது. பரீதா அவள் தாளை வாங்கி மூடி வைத்தார். தண்ணீர் வடிந்த பிறகு தனியே கூப்பிட்டு வாயால் சொல்லச் சொன்னார். முழு மதிப்பெண் போட்டார். "தெரியாம விடுறதும், எழுத முடியாம விடுறதும் ஒண்ணா?" என்று என்னிடம் கேட்டார்.

ரத்தப் புற்றுநோய் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது கூட இருந்தேன். டாக்டர் தயங்கித் தயங்கி விளக்கினார். "நேரா சொல்லுங்க டாக்டர், நான் நடத்துற பாடம்தான்" என்றார் பரீதா. டாக்டர் போன பின் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வகுப்புல, செல்லு எப்போ பிரியறத நிறுத்தணும்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவேன். நீங்க ஒரு பீரியடு முழுக்க எடுங்க. யாரோ ஒரு புள்ள வீட்ல இது இருக்கும்." பிறகு, "பயமா இருக்கு சாந்தி" என்றார். பிடித்த கையை விடாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு, போன வாரம் அவருடைய வகுப்பை நான் எடுத்தேன். செல் பிரிவு. கட்டுப்பாடு இழந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. கடைசியில் கார்த்திகா எழுந்தாள். "பரீதா டீச்சருக்கு வந்தது அதுதானே, மிஸ்?"

"ஆமாம்மா" என்றேன். பலகையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கேள்வி கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் பதிலைத் தானே சொல்லிவிடாமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார் பரீதா. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்புதான். இப்போது நானும் காத்திருக்கிறேன். வகுப்பு அமைதியாக இருக்கும் அந்தச் சில நொடிகளைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது.