பூட்டியின் மூன்று உறுதிகள்

எங்கள் மகள் கணவனைப் பிரிந்து, பொண்டிப் புறநகரிலிருந்த வீட்டை விட்டு, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் லா சப்பலில் எங்கள் சிறிய வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் மனைவி அவளுக்குக் குறையின்றிச் சமைத்துப் போட்டாள்; ஆனால் சனத்தின் முன் அழைத்துச் செல்ல இணங்கவில்லை. பியர்ஃபித்தில் என் தமையன் மகனின் திருமணம் நெருங்கியது. மருமகனுக்குக் காய்ச்சல் என்று சொல்வதானால் மகளும் வரலாம் என்றாள். மகள் பொய் சொல்ல மறுத்தாள்.

"எங்கடை அம்மா வழியிலை ஒருத்தியும் புருசனை விட்டிட்டு வந்து நிண்டதில்லை" என்பதே மனைவியின் வாதம்.

அந்த வழியின் பெருமையெல்லாம் ஊரிலுள்ள ஒரு தோட்டக் காணியில் தங்கியிருந்தது. மனைவியின் பூட்டிக்கு, அதாவது அம்மம்மாவின் தாய்க்கு, சீதனமாகக் கிடைத்து, தாயிடமிருந்து மகளுக்கென இறங்கிவந்த நிலம் அது. அவ்வேளையில் அயலவருடன் வேலிப் பிணக்கு எழுந்தமையால், பழைய உறுதிப் பத்திரங்களின் பிரதிகளைக் காணிப் பதிவுக் கந்தோரில் எடுத்தனுப்புமாறு ஊரிலிருந்த மைத்துனரைக் கேட்டிருந்தேன். கைத்தொலைபேசிக்கு வந்தவற்றைக் கீழேயுள்ள கடையில் அச்செடுத்தேன்.

உறுதி கைக்கு வந்தால் எங்கள் சனம் எல்லைகளையும் கிணற்றுப் பங்கையுமே பார்க்கும். அவற்றுக்கு முன், உறுதி ஏன் எழுதப்பட்டது என்று கூறும் நீண்ட பகுதியை, அதை எழுதிய நொத்தாரிசின் அலங்காரமென்று தாண்டிவிடும். நானும் அப்படித்தான் பழகியவன். அன்று அந்தப் பழைய கையெழுத்து பிடிபடாததால், முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்ட வேண்டியதாயிற்று.

விக்டோரியா மகாராணியார் காலத்து உறுதிகள் அவை. முதலாவது, பூட்டியை ஒருவருக்கு மணஞ்செய்து கொடுத்தபோது பூட்டியின் தந்தையார் எழுதிய சீதன உறுதி. சில ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட இரண்டாவது, இருவரும் ஒத்து வாழ இயலாது பிரிந்தமையையும், பூட்டி சீதனக் காணியோடு தந்தையார் வீட்டுக்குத் திரும்பியமையையும் கூறிற்று. மூன்றாவதில் அதே பூட்டி, அதே காணி. மாப்பிள்ளை மட்டும் வேறு. அந்த இரண்டாம் மாப்பிள்ளையைத்தான் என் மனைவி தன் பூட்டன் என்று அறிந்திருந்தாள்.

வாசித்துக் காட்டினேன். பெயரொத்த வேறு யாரோ என்றாள். தந்தையார் பெயரையும் காணியின் பெயரையும் சுட்டியபோது, கீரைக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தானே வாசித்தாள்.

"அப்ப, பூட்டி திரும்பி வராட்டில்?"

"நீயுமில்லை, உன்ரை மகளுமில்லை."

அறைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது: "பூட்டியின்ரை முதல் புருசனுக்கும் காய்ச்சல் எண்டுதான் பூட்டன்ரை ஆக்களுக்குச் சொன்னவையோ, அம்மா?"

மனைவி சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள்.

திருமணத்துக்கு மூவருமாகச் சென்றோம். பந்தியில் உறவுப் பெண்மணி ஒருவர், மருமகன் எங்கே என்று விசாரித்தார். நான் வாய் திறக்குமுன் மனைவி பதில் சொன்னாள்:

"அவையள் பிரிஞ்சிட்டினம். பிள்ளை இப்ப எங்களோடை."

அந்தப் பெண்மணி சற்றுத் தடுமாறி, பிள்ளை நன்றாக மெலிந்துவிட்டாள் என்றார்.

"ஓம், இனித் தேறுவாள்" என்று கூறி, மனைவி மகளின் இலையில் தன் வடையை எடுத்து வைத்தாள்.